மைதான ஓரம்: நாயைவிட விலை குறைந்த அணி

போன இதழில் ஒலிம்பிக் வீரர் ஜிம் தார்ப்பைப் பற்றி எழுதும்போது, 'நாய் வியாபாரத்துக்காக ஒருவர் வாங்கிய அமெரிக்கக் கால்பந்து அணியிலும் அவர் ஆடியிருக்கிறார்' என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கபடி, சிலம்பம் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன். இந்த முறை முழுக்க அந்த அணியைப் பற்றித்தான்.

சார், தேடிப் பார்த்ததில் அணியின் பெயர் 'ஊராங் இந்தியன்ஸ்' என்று வருகிறது. அதில் நம் நாட்டுக்காரர்களா ஆடினார்கள்? 'ஊராங்' என்றால் என்ன?
— கல்லூரி மாணவி, திருமங்கலம்

இல்லை, மகளே. கொலம்பஸ் வழி தவறிப்போய் இறங்கிய இடத்தை இந்தியா என்று நினைத்துக்கொண்டார். அதனால் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு 'இந்தியர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நான் படித்த காலத்துப் பாடப்புத்தகத்தில் 'செவ்விந்தியர்' என்று போட்டிருப்பார்கள். அந்த மக்களில் இருந்து வந்தவர்கள் மட்டுமே ஆடிய அணி இது.

'ஊராங்' என்பது ஒரு நாய்ப்பண்ணையின் பெயர். ஒஹையோ மாநிலத்தில் லாரூ என்று ஒரு கிராமம். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே வால்டர் லிங்கோ என்பவர் ஏர்டேல் வகை நாய்களை வளர்த்து, தபால் மூலம் ஆர்டர் எடுத்து நாடு முழுக்க ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார். பண்ணையின் பெயர் ஊராங் கென்னல்ஸ். அந்தப் பெயரையே அணிக்கும் வைத்தார். ஊருக்கும் பெயர் இல்லை, ஆடியவர்களின் குலத்துக்கும் பெயர் இல்லை. பனியனில் இருந்தது பண்ணையின் பெயர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தக் காலத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இன்று கோடி கோடியாகப் பணம் புரளும் என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்துப் போட்டி அமைப்பு, 1920 செப்டம்பரில் அதே ஒஹையோவின் கேண்டன் நகரில் ஒரு கார் விற்பனைக் கடையில் தொடங்கியது. உட்கார நாற்காலி போதாமல் கார்களின் பக்கப் படிகளில் உட்கார்ந்து கூட்டம் நடத்தினார்கள். அதன் முதல் தலைவராக ஜிம் தார்ப்பைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகம் தெரிந்தவர் என்பதற்காக அல்ல, அவர் பெயர் இருந்தால் பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள் என்பதற்காக. 1922இல்தான் அந்த அமைப்புக்கு இன்றைய பெயர் வந்தது. அந்த ஆண்டே லிங்கோ 100 டாலர் கட்டி ஓர் அணிக்கான உரிமையை வாங்கினார். அவருடைய பண்ணையில் ஒரு ஏர்டேல் நாயின் விலை 150 டாலர்.

ஒரு நாயை விற்ற காசில் ஓர் அணியை வாங்கி, கையில் 50 டாலர் மிச்சமும் பிடித்திருக்கலாம். லிங்கோ எதையும் ஒளிக்கவில்லை. ஊர் ஊராகப் போய் நாய்களுக்கு விளம்பரம் செய்ய வேண்டும், அதற்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்குத் தார்ப் வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு. தார்ப்பும் வேட்டைப் பிரியர். லிங்கோவோடு சேர்ந்து நாய்களைக் கூட்டிக்கொண்டு வேட்டைக்குப் போனவர். அந்த வேட்டைப் பழக்கத்தில் பிறந்த யோசனைதான் இந்த அணி. வாரம் 500 டாலர் சம்பளம்; அதற்கு அவர் அணிக்குப் பயிற்சி தர வேண்டும், தானும் ஆட வேண்டும், பண்ணையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை சிறிய ஊரில் இருந்து அந்த அமைப்பில் வேறு எந்த அணியும் அன்றும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. லாரூவில் ஆட மைதானம்கூடக் கிடையாது. சொந்த ஊர் ஆட்டம் என்றால் பக்கத்தில் உள்ள மேரியன் நகருக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போனதும் அபூர்வம். அணி பெரும்பாலும் ரயிலேறி அடுத்தவர் ஊர்களில் ஆடிக்கொண்டிருந்தது. விளம்பரத்துக்கு அதுதானே வசதி!

ஏர்டேல் எப்படிப்பட்ட நாய்? நம் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாயா?
— நாய் வளர்ப்பவர், ராஜபாளையம்

அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் படித்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ஏர் என்று ஓர் ஆறு. அந்தப் பள்ளத்தாக்கில் நீர்நாய் வேட்டைக்காக உருவாக்கிய இனம். டெரியர் வகையிலேயே உயரமானது இதுதான். முடி கம்பி மாதிரி சுருண்டிருக்கும். முதுகு கறுப்பு, காலும் தலையும் செம்பழுப்பு. சிப்பிப்பாறையைப் போல முயலைத் துரத்தி ஓடுகிற ஒல்லி உடம்பு இல்லை. கோம்பையைப் போலக் கட்டுமஸ்தான உடம்பு, விட்டுக்கொடுக்காத குணம். முதல் உலகப் போரில் செய்தி கொண்டுபோகவும், காயம்பட்டவர்களைத் தேடவும் பழக்கினார்கள்.

போர் முடிந்த கையோடு இந்த நாய்க்கு அமெரிக்காவில் பெரிய மவுசு. வெள்ளை மாளிகையிலேயே ஒன்று இருந்தது. அதிபர் ஹார்டிங் வளர்த்த 'லாடி பாய்' என்ற ஏர்டேலைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்த ஹார்டிங்கின் சொந்த ஊர் எது தெரியுமா? சற்றுமுன் சொன்ன அதே மேரியன். லிங்கோ எந்த இடத்தில், எந்த நேரத்தில் கடை விரித்தார் என்பது இப்போது புரியும்.

2005இல் நம் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. உங்கள் ஊர்க்காரர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நாயின் மேல் உள்ள பெருமை எனக்குப் புரிகிறது. லிங்கோவுக்கும் நாய்களின் மேல் உண்மையான பிரியம் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்களை எப்படி வைத்திருந்தார் என்பதில்தான் எனக்கு மன வருத்தம்.

வணக்கம் சார். எங்கள் ஊர் கபடி செட்டில் ரெய்டு போகிறவன் நான். இந்த அமெரிக்கக் கால்பந்தில் என்னதான் செய்வார்கள்? தார்ப் அதில் அவ்வளவு பெரிய ஆளா?
— மேலூர்

தம்பி, பெயரில்தான் கால்பந்து. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிராளிகளுக்கு நடுவே பாய்ந்து போவதுதான் ஆட்டம். பக்கத்துக்குப் பதினோரு பேர். எல்லைக்கோட்டில் இருந்து எல்லைக்கோடு வரை 100 கெஜம். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறினால் இன்னும் நான்கு முயற்சி. முடியாவிட்டால் பந்து அடுத்த அணிக்கு. நீ பாடிக்கொண்டு போகும்போது ஏழு பேர் உன்னைச் சங்கிலி போட்டு மடக்குகிறார்கள் அல்லவா? அங்கே பதினோரு பேர் மடக்குவார்கள். உனக்கு மூச்சுக் கணக்கு, அவர்களுக்குக் கெஜக் கணக்கு. இன்றைக்குத் தாக்க ஓர் ஆள், தடுக்க வேறு ஆள். 1922இல் அப்படி இல்லை. அதே பதினோரு பேர் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். தலையில் தோல் தொப்பி, அதுவும் விருப்பப்பட்டால்தான்.

தார்ப் பெரிய ஆளா என்கிறாய். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டாத்லான், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெகாத்லான், இரண்டிலும் தங்கம். அங்கே எடுத்த புகைப்படம் ஒன்றில் அவர் காலில் ஜோடி சேராத இரண்டு ஷூ. முப்பத்தோரு வருடம் பி.டி. மாஸ்டராக இருந்த நான், அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து விளையாட்டுச் சாமான் அறையில் ஒட்டி வைத்திருந்தேன். ஷூ இல்லை என்று மாவட்டப் போட்டிக்கு வரத் தயங்கும் பையனை அந்த அறைக்குத்தான் கூட்டிப்போவேன்.

ஊர் திரும்பிய அதே ஆண்டு நவம்பரில், தார்ப் படித்த, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான கார்லைல் பள்ளியின் அணி அமெரிக்க ராணுவக் கல்லூரி அணியை அவர்கள் இடத்திலேயே 27-6 என்று தோற்கடித்தது. எதிரணியில் ஐசனோவர் என்ற இளைஞர் ஆடினார். ஆமாம், பின்னால் அதிபரான அதே ஐசனோவர்தான். அந்த ராணுவத்தோடு சண்டை போட்ட பெரியவர்கள் உயிரோடு இருந்த காலத்தில், அவர்கள் பிள்ளைகளும் பேரன்களும் மைதானத்தில் அதே ராணுவத்தை மடக்கினார்கள். எனக்கு இந்த ஸ்கோர் மனப்பாடம்.

ஊராங் அணிக்கு வந்தபோது தார்ப்புக்கு வயது முப்பத்தைந்து. முழங்கால் தேய்ந்து, ஓட்டம் குறைந்துவிட்டது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் ஆசிரியை. நீங்கள் எழுதியிருந்த கார்லைல் பள்ளியைப் பற்றித் தேடிப் படித்தேன். பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசக்கூடாது என்று வைத்திருந்த பள்ளி என்கிறார்கள். அங்கே படித்தவர்கள் எப்படி இந்த அணிக்கு வந்தார்கள்?

டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

1879இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி பென்சில்வேனியாவில், காலியாகக் கிடந்த ராணுவக் குடியிருப்பில் தொடங்கிய பள்ளி அது. நீங்கள் படித்தது சரிதான். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்த குடிகளிடம் இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து, பின்னலை வெட்டி, சீருடை மாட்டி, புதுப் பெயர் வைத்தார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பிள்ளைக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றால்தான் மனிதனைக் காப்பாற்ற முடியும் என்பது பிராட் வெளிப்படையாகப் பேசிய கொள்கை. வீடு திரும்பாமலே செத்துப்போன பிள்ளைகளின் கல்லறைகள் அங்கேயே வரிசையாக இருக்கின்றன. நூறு வருடம் கழித்து, இப்போதுதான் சில பிள்ளைகளின் எலும்புகளைத் தோண்டி எடுத்து உறவினர்களிடம் ஒப்படைக்கிறார்கள்.

அந்தப் பள்ளிக்கு 1904இல் வந்தவர் தார்ப். சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற குடியைச் சேர்ந்தவர். தாய்மொழியில் அவர் பெயருக்கு 'ஒளி விழும் பாதை' என்று பொருள் சொல்கிறார்கள். ஒருநாள் மைதானம் வழியாகப் போகும்போது, மற்றவர்களால் தாண்ட முடியாத உயரம் தாண்டும் கம்பை வேலைத் துணியோடு தாண்டிவிட்டுப் போனார். பாப் வார்னர் என்ற கோச்சின் கண்ணில் அது பட்டது. அப்படித்தான் தொடக்கம். ஊராங் அணியின் ஜோ கயான், பீட் கேலக் போன்றவர்களும் அங்கே படித்தவர்கள்தான். 1918இல் பள்ளி மூடப்பட்டது. நான்கு வருடம் கழித்து லிங்கோ ஆள் சேர்த்தபோது, கார்லைலில் படித்த பழைய ஆட்டக்காரர்கள் பலர் தார்ப்பின் பெயரைக் கேட்டு வந்தார்கள். மற்றவர்களும் அதுபோன்ற பள்ளிகளிலும், பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய நிலங்களிலும் இருந்து வந்தார்கள்.

நீங்கள் உசிலம்பட்டிக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன். கேண்டனில் கார் படியில் உட்கார்ந்து கூட்டம் போட்ட அதே 1920இல், ஏப்ரல் 3ஆம் தேதி, உங்கள் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் என்ன நடந்தது என்று நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் உட்படப் பலர் செத்தார்கள். என் அம்மாவைப் பெற்ற தாத்தா ரேகை வைத்தவர். ராத்திரியானால் ஆம்பளைகள் போலீஸ் சாவடியில் போய்ப் படுக்க வேண்டும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்லும்போது கட்டை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருப்பார். மை போய் நாற்பது வருடம் ஆகியிருந்தது.

இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நம் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் ஜனங்களைத் 'திருத்துவது' என்ற அரசாங்க எண்ணத்தில் தொடங்கியவைதான். ஆனால் பிள்ளைகளை ஊரைவிட்டுப் பிரிக்கவில்லை, தமிழைப் பிடுங்கவில்லை. ஜனங்கள் அந்தப் பள்ளிகளைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். அதில் படித்துத்தான் நானும் வாத்தியார் ஆனேன். ஆனால் ஒரு சனத்தை 'திருத்தப்பட வேண்டியவர்கள்' என்று முத்திரை குத்தினால் அந்த முத்திரை எத்தனை தலைமுறை தோலுக்குள் இருக்கும் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அமெரிக்காவின் பூர்வகுடிகள் அனைவருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 1924 ஜூனில். ஊராங் அணி அதற்கு முந்தைய ஆண்டே கலைந்துவிட்டது. யாருடைய நாட்டில், யாருக்கு முன்னால், எந்த நிலையில் அவர்கள் ஆடினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இடைவேளையில் கரடியோடு சண்டை போட்டார்கள் என்பது நிஜமா?
— அலங்காநல்லூர்

நிஜம். இடைவேளை என்றால் எல்லா அணியும் உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி, அடுத்த பாதிக்குத் திட்டம் போடும். ஊராங் ஆட்கள் அப்போதுதான் வேடம் கட்டுவார்கள். லிங்கோ ஆட்டத்தைவிட இதைத்தான் முக்கியமாக நினைத்தார். ஏர்டேல்கள் வித்தை காட்டும். ஆட்டக்காரர்கள் இறகு சூடி நடனம் ஆடுவார்கள், சிறு கோடரியும் கத்தியும் வீசிக் காட்டுவார்கள், கயிற்றுச் சுருக்கு எறிவார்கள். உலகப் போரில் பூர்வகுடி வீரர்கள் ஜெர்மானியரோடு மோதுவது போலவும், காயம்பட்டவர்களுக்கு ஏர்டேல்கள் மருந்து கொண்டுபோவது போலவும் நாடகம் நடக்கும். நிக் லாசா என்ற ஆட்டக்காரர் கரடியோடு மல்லுக்கட்டுவார். அவருக்கு அணியில் 'நெடுநேரத் தூக்கம்' என்று பெயர். காலையில் அவரை எழுப்புவது பெரும்பாடாம். 'பெரிய கரடி', 'போர்க் கழுகு', 'ஒற்றை ஓநாய்', 'கழுகு இறகு' என்று இப்படித்தான் ஆட்டக்காரர் பட்டியலே இருந்தது.

அமெரிக்கக் கால்பந்தில் இன்று நடக்கும் பிரம்மாண்டமான இடைவேளைக் காட்சிகளுக்கு லிங்கோதான் முன்னோடி என்று பலர் எழுதுகிறார்கள். இருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமானது, அந்த அணியின் லியான் பவுட்வெல் பின்னாளில் சொன்னது. வெள்ளைக்காரர்கள் எங்களைக் காட்டு மனிதர்கள் என்று நினைத்தார்கள். நாங்களோ பெரும்பாலும் கல்லூரி வரை போனவர்கள், அவர்களைவிட நாகரிகம் தெரிந்தவர்கள் என்றார் அவர். வெள்ளைக்காரர்களின் அந்த நினைப்பையே சாக்காக வைத்துக்கொண்டு தாங்கள் இஷ்டத்துக்குக் கொட்டம் அடித்ததையும் ஒளிக்காமல் சொன்னார். ஓர் ஊரில் டிராம் வண்டி தாங்கள் போக வேண்டிய திசைக்கு எதிரே நின்றதால், எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தூக்கித் திருப்பி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. இப்படிப்பட்டவர்களைத்தான் இறகு சூடி ஆடச் சொன்னார்கள். இந்தியர்களுக்கும் விலங்குகளுக்கும் ஏதோ மாய உறவு இருப்பதாக லிங்கோ நம்பினார். அது அன்பாகவே இருந்தாலும், பக்கத்தில் இருக்கும் மனிதனை மனிதனாகப் பார்க்காத அன்பு அது.

நீங்கள் அலங்காநல்லூர்க்காரர், மாட்டோடு நிற்பதன் பெருமை தெரிந்தவர். வாடிவாசலில் மாட்டைப் பிடிக்க நிற்பவன் தன் ஊருக்காக, தன் பெயருக்காக நிற்கிறான். நிக் லாசா கரடியைப் பிடித்தது நாய் விற்பனைக்காக. எனக்குத் தெரிந்து வித்தியாசம் இது ஒன்றுதான். பெரிய வித்தியாசம் அது.

எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள்?
— செல்லூர்

1922இல் ஒன்பது ஆட்டம், மூன்று வெற்றி. 1923இல் பதினோரு ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. அதுவும் வருடக் கடைசியில் லூயிவில் அணியோடு, 19-0. அதற்கு முன் பஃபலோ அணியிடம் 57-0 என்று ஓர் அடி வாங்கியிருந்தார்கள். ஆள் தேய்வு, ஓயாத ரயில் பயணம், பயிற்சி நேரத்தில் நாய்ப்பண்ணை வேலை, இடைவேளையில் வேடம். இத்தனையும் சேர்ந்தால் எந்த அணி ஜெயிக்கும்? ஒரு பி.டி. மாஸ்டராகச் சொல்கிறேன், நான்கு வெற்றி என்பதே எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

ஒரு தோல்வியை மட்டும் சொல்ல வேண்டும். 1923 நவம்பர், சிகாகோ, மழை, சேறு. பேர்ஸ் அணியின் கோட்டுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பந்தோடு தார்ப் வந்துவிட்டார். இன்னும் இரண்டு கெஜம். பந்து நழுவியது. பேர்ஸ் அணியின் முதலாளியும் ஆட்டக்காரருமான ஜார்ஜ் ஹாலஸ் அதை வாரிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கினார். 98 கெஜம். பின்னால் தார்ப் துரத்துகிறார். பிடிபட்டால் தொலைந்தோம் என்று வளைந்து வளைந்து ஓடி ஹாலஸ் கோட்டைத் தாண்டிவிட்டார். நழுவிய பந்தை எடுத்து ஓடியதில் அது 1972 வரை முறியாத சாதனை. ஆட்டம் 26-0. பலரும் ஹாலஸின் ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நான் அந்தத் துரத்தலை நினைக்கிறேன். முப்பத்தாறு வயது, சேறு, ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டம், சம்பளம் நாய்க்காரரிடம். விட்டுவிட்டு நின்றிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அந்த மனிதர் கோடு வரை துரத்தியிருக்கிறார்.

இரண்டே வருடத்தில் ஏன் கலைத்தார்கள்? நீங்களும் ஒரு கபடி அணி நடத்தினீர்களே, அதுவும் இரண்டு வருடம்தானே?
— பழைய மாணவன், சோழவந்தான்

கலைந்ததற்குக் காரணம் நேரானது. முதல் முறை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் இரண்டாம் முறை வரவில்லை. தோற்கும் அணியால் நாய்க்கு விளம்பரமும் இல்லை. 1923 முடிந்ததும் லிங்கோ பணத்தை நிறுத்திவிட்டார். அத்தோடு அணி இல்லை. லிங்கோவுக்கும் 1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் வியாபாரம் பலமாக அடிபட்டது. கயான் வேறு அணிகளுக்குப் போய்ச் சிறப்பாக ஆடினார். கேண்டனில் உள்ள கால்பந்துப் புகழ்மாடத்தில் தார்ப்புக்கும் கயானுக்கும் இடம் உண்டு. லாரூவில் இன்று ஒரு நினைவுப் பலகை நிற்கிறது.

நம் அணியை நீ இன்னும் மறக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆமாம், இரண்டு வருடம்தான். மதுரையில் ஒரு கடைக்காரர் பனியனும் பஸ் செலவும் தருகிறேன் என்று வந்தார். பையன்கள் ஒன்பது பேருக்கும் நல்ல ஷூ கிடைத்ததே முதல் தடவை. மின்னொளிப் போட்டிகளுக்குப் போகும்போது, களத்தில் இறங்கும் முன் கடையின் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வர வேண்டும் என்றார். சரி என்றேன். இரண்டாம் வருடம் வாயில் எலுமிச்சம்பழத்தைக் கவ்விப் புலி வேடம் கட்டி வரச் சொன்னார். பெயிண்ட் பூசிய உடம்போடு பிடி போட முடியாது, வழுக்கும் என்றேன். ஆட்டம் கிடக்கட்டும் மாஸ்டர், கூட்டம் பார்க்கட்டும் என்றார்.

அன்று நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பஸ் செலவை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். நீயும் மற்ற பையன்களும் மஞ்சள் பெயிண்டோடு காலிறுதி ஆடினீர்கள். தொடையைப் பிடித்த பிடியெல்லாம் வழுக்கிப் போயிற்று. பதினேழு பாயிண்டில் தோற்றோம். ராத்திரி மண்ணெண்ணெய் வைத்துப் பெயிண்டைத் துடைத்தபோது உன் முதுகு சிவந்துபோயிருந்தது. அடுத்த மாதம் அவர் பனியன் பணத்தை நிறுத்திவிட்டார். அதற்காக நான் வருந்தவில்லை. அந்த ஒரு ஆட்டத்துக்காக உன்னிடமும் மற்ற எட்டுப் பேரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேரில் பார்த்தபோதெல்லாம் வேறு பேச்சு வந்துவிட்டது. இங்கே கேட்டுக்கொள்கிறேன், தம்பி.

கடைசியில் தார்ப் என்ன ஆனார்? பிடுங்கிய ஒலிம்பிக் பதக்கங்கள் திரும்பக் கிடைத்தனவா?
— சிம்மக்கல்

அவர் பிற்காலம் கஷ்டகாலம். சினிமாவில் துண்டுத் துண்டு வேடம், மந்தக் காலத்தில் பள்ளம் தோண்டும் கூலி வேலை. 1953இல் கலிஃபோர்னியாவில் இறந்தார். செத்த பிறகும் அவரை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பென்சில்வேனியாவில் நொடித்துப்போன இரண்டு சிற்றூர்கள் ஒன்றாகச் சேர்ந்து, அவர் மனைவியோடு பேசி உடலை வாங்கி அடக்கம் செய்து, ஊரின் பெயரையே 'ஜிம் தார்ப்' என்று மாற்றிக்கொண்டன. சுற்றுலாக் கூட்டம் வரும் என்று எண்ணம். உயிரோடு இருந்தவரை அவர் அந்த ஊருக்கு வந்தவரில்லை. சொந்த மண்ணில் புதைக்க வேண்டும் என்று மகன்கள் வழக்குப் போட்டுக் கடைசியில் தோற்றார்கள்.

பதக்க விஷயம். 1909, 1910இல் வட கரோலினாவில் சொற்பக் காசுக்குப் பேஸ்பால் ஆடினார், ஆகவே அவர் காசு வாங்காமல் ஆடும் அமெச்சூர் இல்லை என்று 1913இல் பதக்கங்களைப் பறித்தார்கள். ஆட்சேபணை இருந்தால் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது அந்த ஒலிம்பிக்கின் விதி. செய்தி வெளிவந்ததே ஆறு மாதம் கழித்து. விதியை மீறியது பறித்தவர்கள்தான். 1982இல் ஒலிம்பிக் கமிட்டி அவர் பெயரை மறுபடி சேர்த்தது, ஆனால் இன்னொருவரோடு பங்கு போட்ட முதலிடமாக. மறு ஆண்டு ஜனவரியில் பிள்ளைகளிடம் மாதிரிப் பதக்கங்களைக் கொடுத்தார்கள்.

டெகாத்லானில் இரண்டாவதாக வந்து, தார்ப்பின் தங்கம் யாருக்குப் போனதோ அந்த சுவீடன்காரர் ஹூகோ விஸ்லாண்டர், அதைத் தன் வெற்றியாக ஒருநாளும் ஏற்கவில்லை. ஜெயித்தது தார்ப்தான் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 2022இல் அவர் குடும்பத்தாரையும் சுவீடன் ஒலிம்பிக் கமிட்டியையும் கேட்டபோது அவர்களும் அதையே சொன்னார்கள். பென்டாத்லானில் இரண்டாவதாக வந்த ஃபெர்டினாண்ட் பீயின் நாடான நார்வேயும் சரி என்றது. அந்த ஜூலையில், ஸ்டாக்ஹோம் முடிந்து 110 வருடம் கழித்து, இரண்டு பந்தயத்திலும் முதலிடம் தார்ப் ஒருவருக்கே என்று எழுதினார்கள்.